கண்ணில் விடும் ஒரு சொட்டு, நெஞ்சு வரைக்கும் போகும்! கிளாக்கோமா டிராப்ஸ் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை ஏழரை மணி. ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில் ஷூவை மாட்டும்போது உள்ளேயிருந்து பாட்டியின் குரல். "கண்ணு, இந்தச் சொட்டை மட்டும் விட்டுட்டுப் போயேன்."

ஓடிப்போய் பாட்டியின் தலையைப் பின்னால் சாய்க்கிறீர்கள். இமையைப் பிரித்து, 'ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்' என்று இரண்டு சொட்டு. கையோடு அடுத்த பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு. பாட்டி கண்ணைக் கொட்டிக் கொட்டி விழிக்கிறார். நீங்கள் பேகைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். மொத்தம் பதினைந்து செகண்ட்.

அடுத்த வாரம் அதே பாட்டியை இருமலுக்காகப் பொது மருத்துவரிடம் அழைத்துப் போகிறீர்கள். "வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்கிறார். "பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை. அவ்ளோதான் டாக்டர்" என்கிறார் பாட்டி. பக்கத்தில் நிற்கும் நீங்களும் தலையாட்டுகிறீர்கள்.

கண் சொட்டு மருந்து அந்தக் கணக்கில் வரவே இல்லை. நம்மில் பலருக்கு அது மருந்து மாதிரியே தோன்றுவதில்லை. 'கண்ணுக்குத்தானே விடுறோம்' என்ற நினைப்பு. ஆனால் அந்தப் பாட்டிலில் இருப்பது 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்தாக இருந்தால், அது இதயத்திலும் நுரையீரலிலும் வேலை செய்யக்கூடிய மருந்து. இந்த இரண்டு காட்சிகளிலும் நடந்த தவறுகள் என்ன, அவற்றை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போமா?

முதலில், கிளாக்கோமா என்றால் என்ன?

நம் கண்ணுக்குள் ஒரு தெளிவான திரவம் எப்போதும் சுரந்துகொண்டே இருக்கிறது. இது அழும்போது வெளியே வரும் கண்ணீர் அல்ல. கண்ணின் முன்பகுதிக்குள் சுரந்து, லென்ஸுக்கும் கருவிழிக்கும் ஊட்டம் கொடுத்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற வடிகால் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோ லிட்டர் சுரக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பழைய நீர் போய்ப் புதிய நீர் வந்துவிடும்.

சுரப்பதும் வடிவதும் சரியாக இருக்கும்வரை கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் அளவாக இருக்கும். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அழுத்தம் ஏறும். அது கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். இதுதான் கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறோம். சிலருக்கு அழுத்தம் 'நார்மல்' அளவில் இருந்தாலும் நரம்பு பாதிக்கப்படுவதுண்டு.

இதன் பொதுவான வகையில் வலி இருக்காது, சிவக்காது. பார்வை முதலில் ஓரங்களில்தான் குறையும். நேரே பார்ப்பது தெளிவாகவே இருக்கும். பேப்பர் படிக்கலாம், டிவி பார்க்கலாம். பக்கத்தில் வரும் பைக் மட்டும் தெரியாது. 'வயசாச்சு, தடுமாறுறாங்க' என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்போம். கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் எல்லாச் சிகிச்சையும். தென்னிந்தியாவில் நடந்த கணக்கெடுப்புகளில், கிளாக்கோமா இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு அப்படியொரு நோய் இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை.

பீட்டா பிளாக்கர் டிராப்ஸ் என்ன செய்யும்?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் குழாயில் அடைப்பு, தொட்டி நிரம்பி வழிகிறது. இரண்டு வழிகள் உண்டு. அடைப்பை எடுக்கலாம். அல்லது உள்ளே வரும் தண்ணீரைக் குறைக்கலாம். பீட்டா பிளாக்கர் இரண்டாவது வழி. கண்ணுக்குள் நீர் சுரக்கும் இடத்தில் 'பீட்டா' என்ற ஏற்பிகள் இருக்கின்றன. சுரப்புக்கு உத்தரவு வாங்கும் காலிங் பெல் மாதிரி. மருந்து போய் அந்த பெல்லை மூடிவிடும். சுரப்பு குறையும், அழுத்தமும் இறங்கும். பொதுவாக 20 முதல் 25 சதவிகிதம் வரை இறங்கலாம்.

இந்த வகையில் அதிகம் புழங்கும் பெயர் டிமோலால். 0.25 சதவிகிதம், 0.5 சதவிகிதம் என்ற இரண்டு அளவுகளில் வரும். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை விடச் சொல்வார்கள். பீட்டாக்ஸலால், லீவோபுனலால் போன்ற மருந்துகளும் இதே குடும்பம்தான்.

உங்கள் வீட்டு பாட்டிலில் டிமோலால் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. டார்ஸோலமைடு, பிரிமோனிடின், லட்டானோபுரோஸ்ட், ட்ராவோபுரோஸ்ட், பைமாட்டோபுரோஸ்ட் போன்ற வேறு கிளாக்கோமா மருந்துகளோடு கலந்தும் ஒரே பாட்டிலில் வருகிறது. அதனால் மேலே பெரிதாக இருக்கும் பிராண்டு பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் படியுங்கள். கண் தெரியாத எழுத்தா? போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 'டிமோலால்' என்று இருந்தால், இந்தக் கட்டுரை உங்கள் வீட்டுக்கானது.

மாத்திரை சொட்டான கதை

பீட்டா பிளாக்கர்கள் முதலில் கண்ணுக்காக வந்தவை அல்ல. நெஞ்சு வலிக்காக வந்தவை. 1960-களில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், இதயத்தின் வேலைப் பளுவைக் குறைக்க ப்ராப்ரனலால் என்ற மருந்தை உருவாக்கினார். 1988-ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மருந்தைக் கொடுத்தால் கண் அழுத்தமும் இறங்குகிறது என்பது 1967-லேயே பதிவானது. அப்படியென்றால் அதையே சொட்டாக விடலாமே? விட்டுப் பார்த்தார்கள். ப்ராப்ரனலால் கருவிழியை மரத்துப்போகச் செய்தது. மரத்த கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது, அது ஆபத்து. அந்தப் பிரச்னை இல்லாத மருந்தாக வந்ததுதான் டிமோலால். 1978-ல் அமெரிக்காவில் கிளாக்கோமாவுக்கு அனுமதி கிடைத்தது.

அதற்கு முன்பு, ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக மருத்துவர்கள் நம்பியிருந்த மருந்து பைலோகார்ப்பின். ஒரு நாளைக்கு நான்கு முறை விட வேண்டும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், மங்கலான வெளிச்சத்தில் எதுவும் தெரியாது, புருவத்தில் வலி வேறு. அதை விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு டிமோலால் பெரிய விடுதலை. பார்வை மங்காது, தலை வலிக்காது, நாளைக்கு இரண்டே சொட்டு.

1996-ல் லட்டானோபுரோஸ்ட் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு முதலிடம் மெதுவாகக் கை மாறியது. நாளைக்கு ஒரே முறை, அழுத்தமும் நன்றாக இறங்கும் என்பதால், இப்போது பல மருத்துவர்கள் முதலில் எழுதுவது அந்த வகையைத்தான். ஆனாலும் டிமோலால் ஓய்வு பெறவில்லை. விலை குறைவு, தனியாகவும் கூட்டாகவும் வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும், இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

சொட்டு எங்கே போகிறது?

அழும்போது மூக்கு ஏன் ஒழுகுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கண்ணின் உள் மூலையில், மூக்கை ஒட்டி, ஊசித் துளை மாதிரி சின்னத் திறப்புகள் உண்டு. அங்கிருந்து ஒரு குழாய் நேராக மூக்குக்குள் இறங்குகிறது. கண்ணீர் அந்த வழியாகத்தான் வடிகிறது. சொட்டு மருந்தும் அதே ரூட்தான்! விட்ட கொஞ்ச நேரத்தில் சிலருக்குத் தொண்டையில் கசக்கும். அது மருந்து இறங்கிவந்த ருசி.

ஒரு சொட்டின் அளவு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர் இருக்கும். நம் கண் இமைக்குள் அதிகபட்சம் தாங்குவதே சுமார் 30 மைக்ரோ லிட்டர்தான். அதாவது, ஒரு சொட்டே கண்ணுக்கு அதிகம். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் மூக்குக்குள் இறங்கும். 'ஒண்ணுக்கு ரெண்டா' விட்டால் கண்ணுக்குள் கூடுதலாக எதுவும் போவதில்லை. மூக்குக்குப் போவதுதான் கூடுகிறது.

மூக்கின் உட்புறச் சவ்வில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே பட்ட மருந்து நேராக ரத்தத்தில் ஏறிவிடும். மாத்திரையாக விழுங்கினால் முதலில் கல்லீரலுக்குப் போகும், அங்கே ஒரு பகுதி சிதைந்துவிடும். மூக்கு வழியாகப் போகும்போது அந்த செக்-போஸ்ட் கிடையாது. 0.5 சதவிகித டிமோலால் சொட்டு ஒன்றில் இருப்பது சுமார் 0.2 மில்லிகிராம்தான். அளவு சின்னது. ஆனால் வழி நேர்வழி.

ஒரு கண்ணில் மட்டும் டிமோலால் விட்டால், மருந்தே படாத இன்னொரு கண்ணிலும் அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். ரத்தத்தில் கலந்து சுற்றி வந்தால்தானே அது நடக்கும்? வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போன்ற விளையாட்டுகளில் பீட்டா பிளாக்கருக்குத் தடை உண்டு. இதயத் துடிப்பைக் குறைத்து, கை நடுக்கத்தைத் தணிக்கும் என்பதுதான் காரணம். அந்தத் தடை கண் சொட்டுக்கும் பொருந்தும். கிளாக்கோமா இருக்கும் வீரர் முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும்.

யாருக்கு இந்த மருந்து ஆகாது?

பீட்டா ஏற்பிகள் கண்ணில் மட்டும் இல்லை. இதயத்தில் இருக்கின்றன, அங்கே அவற்றை அடைத்தால் துடிப்பு குறையும். நுரையீரலின் மூச்சுக் குழாய்களிலும் இருக்கின்றன, அங்கே அடைத்தால் குழாய் சுருங்கும். சாதாரண ஆளுக்கு இது தெரியவே தெரியாது. ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுத் திணறலாக மாறலாம்.

இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல. டிமோலால் சந்தைக்கு வந்த 1978 முதல் 1985 வரை, இந்தச் சொட்டோடு தொடர்புபடுத்தப்பட்ட மூச்சு, இதயக் கோளாறுகளாக 450 தீவிரச் சம்பவங்களும் அவற்றில் 32 மரணங்களும் அமெரிக்காவில் பதிவாகின. மருந்தை விட்டுக்கொண்டவர்களின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண். ஆனால், 'கண்ணுக்குத்தானே' என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

கீழே இருப்பவற்றில் ஏதாவது உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இருந்தால், கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

* ஆஸ்துமா, வீசிங். இப்போது இல்லாமல் சின்ன வயதில் இருந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.
* சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. பல வருடம் பீடி, சிகரெட் பிடித்த தாத்தாக்களுக்கும், விறகடுப்புப் புகையில் சமைத்த பாட்டிகளுக்கும் இது இருக்க வாய்ப்பு அதிகம்.
* நாடித் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பது, இதயத்தில் 'பிளாக்' என்று ஈசிஜி-யில் சொல்லியிருப்பது.
* இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை எடுப்பது.
* சர்க்கரை நோய். குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள். சர்க்கரை திடீரென இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடலாம். வியர்ப்பது மட்டும் மறையாது. எனவே காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால் உடனே சர்க்கரையை டெஸ்ட் செய்யுங்கள்.
* மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய்.
* கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம். கிளாக்கோமா இளம் வயதிலும் வரும். இந்த மருந்து தாய்ப்பாலிலும் கலக்கும்.

ஆஸ்துமா, தீவிர சிஓபிடி, இதய பிளாக் உள்ளவர்களுக்குப் பொதுவாக டிமோலாலைத் தவிர்த்துவிடுவார்கள். பீட்டாக்ஸலால் நுரையீரலை அவ்வளவாகத் தொடாது என்றாலும், அதையும் மருத்துவர் கண்காணிப்பில்தான் விட வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதில்லை. நிலைமையைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். வேறு வகைச் சொட்டுகள், லேசர், ஆபரேஷன் என்று வழிகள் நிறைய இருக்கின்றன. அதற்கு அவருக்கு விஷயம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிரஷர் மாத்திரையோடு மோதுமா?

பாட்டி சாப்பிடும் பிரஷர் மாத்திரை என்ன என்று பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி 'லால்' என்று முடிந்தால், பெரும்பாலும் அதுவும் பீட்டா பிளாக்கர்தான். மாத்திரையில் ஒன்று, சொட்டில் ஒன்று என இரண்டும் சேர்ந்தால் துடிப்பும் ரத்த அழுத்தமும் அளவுக்கு மேல் இறங்கலாம். மாத்திரையே கண் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவதால், சொட்டு எதிர்பார்த்த அளவு பலன் தராமலும் போகலாம். கண் மருத்துவமனையில் அளக்கும்போது, மாத்திரையால் இறங்கிய எண்ணைப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று நினைத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

வெரப்பமில், டில்டியாசம் என்ற இதய மருந்துகள், மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் ஆகியவற்றோடும் கவனம் வேண்டும். அதனால் கண் மருத்துவரிடம் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள். மற்ற எல்லா மருத்துவரிடமும் கண் சொட்டைச் சொல்லுங்கள். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்ல வேண்டும்.

சரியாகச் சொட்டு விடுவது எப்படி?

இனி அந்தக் காலை ஏழரை மணிக் காட்சியைச் சரிசெய்வோம். கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆகும்.

1. சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பாட்டிலில் உள்ள பெயரை ஒருமுறை படியுங்கள். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சொட்டு பாட்டில்கள் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

2. பாட்டியை உட்கார வைத்தோ படுக்க வைத்தோ மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையை மெதுவாக இழுத்தால் சின்னப் பை மாதிரி ஓர் இடம் தெரியும். சொட்டு அங்கேதான் விழ வேண்டும்.

3. ஒரே ஒரு சொட்டு. பாட்டிலின் முனை கண்ணிலோ, இமையிலோ, விரலிலோ படக் கூடாது. பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும். சொட்டு வெளியே விழுந்துவிட்டால் மட்டும் இன்னொன்று விடலாம்.

4. கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள். இறுக்கி மூட வேண்டாம், கொட்டி விழிக்கவும் வேண்டாம். கொட்டும் ஒவ்வொரு முறையும் மருந்து மூக்குப் பக்கம் பம்ப் ஆகும்.

5. மூக்கை ஒட்டிய கண்ணின் உள் மூலையை விரல் நுனியால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். விழியை அழுத்தக் கூடாது. குறைந்தது இரண்டு, மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் முடிந்தால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடம் இப்படி அழுத்தினாலோ, கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, ரத்தத்தில் கலக்கும் டிமோலால் 60 சதவிகிதத்துக்கு மேல் குறைவதாக 1984-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து கண்ணிலேயே தங்குவதால் பலனும் கூடும்.

6. வழிந்ததைச் சுத்தமான டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

7. இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து முதல் பத்து நிமிட இடைவெளி விடுங்கள். உடனே விட்டால், இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஜெல் மாதிரி கெட்டியான மருந்து என்றால் அதைக் கடைசியாக விட வேண்டும்.

காலையில் அவ்வளவு நேரம் இல்லையா? பாட்டியே கண்ணை மூடி, உள் மூலையைப் பிடித்துக்கொள்ளப் பழக்கிவிடுங்கள். சொட்டு விடுவது மட்டும் உங்கள் வேலை. பாட்டி ஐந்து நிமிடம் கந்த சஷ்டி கவசமோ, எஃப்.எம் பாட்டோ கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*ராத்திரி படுக்கும்போது விட்டால் நல்லதா?*

தூங்கும்போது கண்ணுக்குள் நீர் சுரப்பது இயல்பாகவே ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். பீட்டா பிளாக்கருக்கு அப்போது பெரிய வேலை இல்லை. அதனால்தான் ஒருவேளை மட்டும் விடுவதென்றால் பெரும்பாலும் காலையில் விடச் சொல்வார்கள். லட்டானோபுரோஸ்ட் மாதிரி மருந்துகளை ராத்திரியில் விடச் சொல்வதும், கலவை மருந்துகளுக்கு நேரம் மாறுவதும் உண்டு. சீட்டில் எழுதிய நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

*ஒருவேளை மறந்துவிட்டால்?*

ஞாபகம் வந்ததும் விடலாம். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து விட வேண்டாம்.

*கான்டாக்ட் லென்ஸ் போடலாமா?*

கழற்றிவிட்டுச் சொட்டு விட்டு, 15 நிமிடம் கழித்துப் போடலாம். பாட்டிலில் உள்ள பிரிசர்வேட்டிவ் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும்.

*பாட்டிலில் பாதி மருந்து மிச்சம் இருக்கிறது. எக்ஸ்பைரி தேதியும் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?*

அட்டையில் இருக்கும் தேதி திறக்காத பாட்டிலுக்கு. திறந்த பிறகு பொதுவாக நான்கு வாரம்தான். திறந்த தேதியை மார்க்கரால் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள்.

*பக்க விளைவுகள் எப்படித் தெரியும்?*

விட்டதும் லேசான எரிச்சல், கண் வறட்சி சிலருக்கு வரும். உடம்பில் தெரிபவை: அசதி, தலைசுற்றல், துடிப்பு குறைவது, மூச்சு வாங்குவது. சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, தாம்பத்யத்தில் நாட்டமின்மை. இதில் சிக்கல் என்னவென்றால், 70 வயதுக்காரர் சோர்ந்து உட்கார்ந்தால் 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறோம். சொட்டு ஆரம்பித்த பிறகு அந்த மாற்றம் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சில் ஏதோ செய்வது என்றால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

*சிவந்த கண்ணுக்கு வாங்கிய வேறு சொட்டு வீட்டில் இருக்கிறது. அதை விடலாமா?*

கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் விட்டுக்கொள்வதாலேயே கிளாக்கோமா வரலாம், இளைஞர்களுக்கும்.

*திடீரென்று கண் வலித்தால்?*

கடுமையான கண் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி எல்லாம் சேர்ந்து வந்தால் அது கிளாக்கோமாவின் இன்னொரு வகையாக இருக்கலாம். எமர்ஜென்சி. வீட்டிலிருக்கும் சொட்டை விட்டுப் பார்க்காமல் கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள்

இவ்வளவும் படித்துவிட்டு, 'ஐயையோ, இந்தச் சொட்டே வேண்டாம்' என்று பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது இன்னும் பெரிய தவறு. சொட்டை விட்டால் பார்வை பளிச்சென்று ஆகாது, நிறுத்தினால் உடனே மங்கவும் ஆகாது. இரண்டிலும் வித்தியாசம் தெரியாததால்தான் பலரும் பாதியில் நிறுத்துகிறார்கள். அழுத்தம் சத்தமில்லாமல் மறுபடி ஏறும். நரம்பு சத்தமில்லாமல் போகும். தெரியவரும்போது திரும்ப வராது.

சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசி, அவர் மாற்றுவதுதான் சரி. சிலருக்கு ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்த டிமோலால், மாதங்கள் போகப் போகப் பலன் குறைவதும் உண்டு. அழுத்தத்தை அளந்து பார்த்தால்தான் அது தெரியும். அதனால் சொன்ன தேதியில் செக்-அப் போவதும் மருந்தின் ஒரு பகுதிதான்.

இன்னொரு விஷயம். கிளாக்கோமா குடும்பத்தில் தொடரக்கூடியது. பாட்டிக்கு இருந்தால், பாட்டியின் தம்பி, தங்கைக்கும், உங்கள் அப்பாவுக்கும், அத்தைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 40 வயதைத் தாண்டிய அவர்களை ஒருமுறை கண் அழுத்தமும் பார்வை நரம்பும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது. அப்படியே உங்கள் பெயரையும் அந்த லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

ஒன்று, வீட்டில் இருக்கும் எல்லாக் கண் சொட்டு பாட்டில்களையும், மாத்திரை அட்டைகளையும் போனில் போட்டோ எடுத்து, பாட்டி பெயரில் ஓர் ஆல்பமாக வையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அது கையில் இருக்கும்.

இரண்டு, சொட்டு நேரத்துக்கு அலாரம் வையுங்கள். இப்போது கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பாக.

மூன்று, பாட்டியிடம் கேளுங்கள். "பாட்டி, சின்ன வயசுல உனக்கு இழுப்பு இருந்துச்சா?" இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்காமலேயே இருந்திருக்கலாம். 'ஆமா, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்துச்சு' என்று பதில் வந்தால், அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, என்ன செய்வது என்று கேளுங்கள்.

அடுத்த முறை டாக்டர், "வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்கும்போது, பாட்டி மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்: "கண்ணுக்கு டிமோலால் சொட்டு விடுறோம் டாக்டர்."